எரிந்தும் எழுந்து நின்ற மாவு ஆலை

வெனிஸ் நகரம் என்றதும் நம் கண் முன் என்ன வருகிறது?

தண்ணீர்த் தெருக்கள். கறுப்புப் படகுகள். பளிங்கு மாளிகைகள். மாதா கோயில் கோபுரங்கள்.

ஆனால், அதே வெனிஸ் நகரில், ஒரு தீவின் மேற்குக் கோடியில், செங்கல் மலை போல ஒரு கட்டடம் நிற்கிறது. அது அரண்மனை அல்ல. கோயிலும் அல்ல. கோதுமை அரைத்த மாவு ஆலை!

கட்டியபோது, "இது நம் ஊருக்கு ஒத்துவராது" என்று முகம் சுளித்தார்கள். மூடிய பிறகு, 40 ஆண்டுகளுக்கு மேல் அது பாழாய்க் கிடந்தது. பழுது பார்க்கத் தொடங்கியதும் தீப்பிடித்து எரிந்தது. எரிந்த பிறகு அதே ஊர், "இது முன்பு எப்படி இருந்ததோ அப்படியே மீண்டும் எழ வேண்டும்" என்றது.

வெறுத்த ஊரே விரும்பியது எப்படி?

அதுதான் ஸ்டக்கி மாவு ஆலையின் கதை.

தண்ணீரில் நிற்கும் ஊர்

வெனிஸ் இத்தாலி நாட்டின் வடகிழக்கில் உள்ளது. கடலோர உப்பங்கழியில் 100-க்கும் மேற்பட்ட சிறு தீவுகள். அவற்றை நூற்றுக்கணக்கான பாலங்கள் இணைக்கின்றன. சேற்று நிலத்தில் மரக்கம்பங்களை நெருக்கமாக அடித்து, அவற்றின் மேல் கல் பாவி, அதன் மேல் வீடு கட்டினார்கள் அந்த ஊர் மக்கள்.

தண்ணீருக்குள் காற்று படாமல் புதைந்து இருப்பதால் அந்த மரம் எளிதில் மக்குவது இல்லை. பல நூறு ஆண்டுகளாக மாளிகைகளைத் தாங்கி நிற்கிறது.

ஊருக்குள் கார் கிடையாது. லாரி கிடையாது. காய்கறி வருவதும் படகில். நோயாளி ஆஸ்பத்திரிக்குப் போவதும் படகில். குப்பை அள்ளுவதும் படகில்தான்!

நகரின் தெற்கே அகலமான ஒரு கால்வாய் ஓடுகிறது. அதன் அக்கரையில் நீளமாகக் கிடப்பது ஜூடெக்கா தீவு.

இந்தத் தீவில்தான் ரெடென்டோர் என்ற புகழ்பெற்ற மாதா கோயில் இருக்கிறது. 1575-ம் ஆண்டு தொடங்கிய கொள்ளை நோயில் வெனிஸ் மக்கள் ஆயிரம் ஆயிரமாக மடிந்தார்கள். நோய் நீங்கியதற்கு நன்றிக் காணிக்கையாக எழுந்தது அந்தக் கோயில். 1592-ம் ஆண்டு அது அர்ச்சிக்கப்பட்டது. இன்றும் ஒவ்வொரு ஜூலை மாதமும் அங்கே திருவிழா நடக்கிறது. இரவில் வாண வேடிக்கை ஊரையே ஒளிமயமாக்கும்.

அந்தத் தீவின் மேற்கு முனையில் பழைய மாதா கோயில் ஒன்றும் கன்னிமாடமும் இருந்தன. நெப்போலியன் காலத்தில் அந்தக் கன்னிமாடம் மூடப்பட்டது. பின்னர், 19-ம் நூற்றாண்டின் இறுதியில் அந்தக் கட்டடங்கள் இடிக்கப்பட்டன.

அந்த இடத்துக்கு வந்தார் ஒரு மனிதர். அவர் பெயர் ஜியோவன்னி ஸ்டக்கி.

யார் இந்த ஸ்டக்கி?

ஸ்டக்கி பிறந்தது 1843-ம் ஆண்டு. தந்தை சுவிட்சர்லாந்துக்காரர். தாய் இத்தாலி நாட்டுப் பெண்.

ஸ்டக்கி மாவு ஆலைத் தொழிலை நன்றாகக் கற்றவர். அந்தக் காலத்தில் இத்தாலியில் பெரும்பாலான மாவு ஆலைகள் ஆற்றங்கரையில்தான் இருந்தன. ஓடும் தண்ணீர் சக்கரத்தைச் சுற்றும். சக்கரம் கல்லைச் சுற்றும். கல் கோதுமையை அரைக்கும்.

ஸ்டக்கி வேறு விதமாக யோசித்தார்.

"நீராவி எந்திரம் வந்துவிட்டது. இனி ஆறு எதற்கு? ஆலையை ஆற்றங்கரையில் வைத்துவிட்டு, கோதுமையை வண்டியில் ஏற்றி அங்கே கொண்டுபோவதைவிட, கோதுமை வந்து இறங்கும் இடத்திலேயே ஆலையை வைத்தால் என்ன?"

இதுதான் அவருடைய கணக்கு.

வெனிஸ் ஒரு துறைமுகம். கப்பலில் கோதுமை வரும். அதைப் படகில் இறக்கி, ஆலை வாசலிலேயே சேர்த்துவிடலாம். அரைத்த மாவை அதே வாசலில் படகில் ஏற்றி அனுப்பலாம். 1846-ம் ஆண்டிலேயே வெனிசுக்கு ரெயில் பாலம் வந்துவிட்டது. ஆகவே, உள்நாட்டுக்கு மாவு அனுப்பவும் வழி இருந்தது.

கடல் ஒரு பக்கம். ரெயில் ஒரு பக்கம். நடுவில் ஆலை!

1884-ம் ஆண்டில் ஜூடெக்கா தீவில் ஆலை ஓடத் தொடங்கியது.

கல் போய் உருளை வந்தது

அப்போது ஐரோப்பாவில் மாவு அரைக்கும் முறையே மாறிக்கொண்டு இருந்தது.

பழைய முறையில் இரண்டு வட்டக் கற்கள். இடையில் கோதுமை. ஒரே அரைப்பில் மாவும் உமியும் கலந்து வந்துவிடும். அதைச் சலித்துப் பிரிப்பது கடினம்.

புதிய முறையில் கல்லுக்குப் பதிலாக இரும்பு உருளைகள். இரண்டு உருளைகள் எதிர் எதிராகச் சுழலும். முதல் ஜோடி கோதுமை மணியை உடைக்கும். உடைந்ததைச் சலிப்பார்கள். அடுத்த ஜோடி இன்னும் மென்மையாக அரைக்கும். மறுபடி சலிப்பு. இப்படிப் படிப்படியாக அரைத்தால், வெள்ளை வெளேர் என்று மாவு கிடைக்கும்.

இந்த முறைக்கு உயரமான கட்டடம் வேண்டும். கோதுமையை முதலில் உச்சி மாடிக்கு ஏற்றிவிடுவார்கள். பிறகு அது தன் எடையாலேயே ஒவ்வொரு மாடியாக இறங்கி வரும். ஒரு மாடியில் அரைப்பு. ஒரு மாடியில் சலிப்பு. கீழே வரும்போது மூட்டையில் மாவு!

மாவு ஆலைகள் ஏன் மாடி மேல் மாடியாக உயர்ந்து நிற்கின்றன என்பதற்கு இதுதான் காரணம். அழகுக்காக அல்ல, வேலைக்காக உயர்ந்தவை அவை.

"இது வெனிசா, ஜெர்மனியா?"

தொழில் பெருகியது. பழைய கட்டடம் போதவில்லை. ஸ்டக்கி ஆலையை விரிவாக்க முடிவு செய்தார்.

கட்டடத்துக்குப் படம் வரைய ஜெர்மனியில் இருந்து ஒரு நிபுணரை அழைத்தார். அவர் பெயர் எர்ன்ஸ்ட் வுல்லக்கோப். ஹானோவர் நகரத்துக்காரர்.

அவர் வரைந்தது வட ஜெர்மனியில் உள்ள பழைய செங்கல் கட்டடங்களின் பாணி. செக்கச்செவேல் என்று செங்கல் சுவர். வரிசை வரிசையாக ஜன்னல்கள். மூலையில் கூம்பு வடிவக் கோபுரம். 1890-களின் நடுவில் அந்தக் கட்டடம் எழுந்தது.

வெனிஸ் மக்கள் திகைத்தார்கள்.

எதிர்க்கரையில் வெள்ளைக் கல் மாளிகைகள். பக்கத்தில் ரெடென்டோர் கோயிலின் வட்டக் கூரை. அவற்றின் நடுவே வடநாட்டுக் கோட்டை போல ஒரு பூதம்! "இது வெனிசா, ஜெர்மனியா?" என்று கேட்காத குறைதான்.

நகரசபை அனுமதி தரத் தயங்கியது என்றும், "அனுமதி தராவிட்டால் ஆலையை மூடுவேன். தொழிலாளிகள் எல்லோருக்கும் வேலை போகும்" என்று ஸ்டக்கி மிரட்டினார் என்றும் வெனிசில் ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ, கட்டடம் எழுந்துவிட்டது.

அடுத்து வந்த ஆண்டுகளில் ஆலை உச்சத்துக்குப் போனது. நாள் ஒன்றுக்குச் சுமார் 250 டன் மாவு அரைத்தது என்றும், சுமார் 1,500 பேர் வேலை பார்த்தார்கள் என்றும் சொல்லப்படுகிறது. ஐரோப்பாவின் பெரிய மாவு ஆலைகளில் ஒன்றாக அது பெயர் பெற்றது. மாவோடு நிற்காமல், இத்தாலி மக்கள் விரும்பிச் சாப்பிடும் பாஸ்தாவும் அங்கே தயாரானது.

ஜூடெக்கா தீவின் ஏழைக் குடும்பங்களுக்கு அந்த ஆலைதான் அடுப்பு எரிய வைத்தது.

ரெயில் நிலையத்தில் கொலை

ஸ்டக்கி நகரின் பெரும் பணக்காரர்களில் ஒருவர் ஆனார். 1908-ம் ஆண்டில் பெரிய கால்வாய்க் கரையில் உள்ள கிராசி மாளிகையை விலைக்கு வாங்கினார். 18-ம் நூற்றாண்டில் கட்டப்பட்ட அழகிய மாளிகை அது.

ஆனால், அங்கே நீண்ட காலம் வாழ அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

1910-ம் ஆண்டு மே மாதம். ரெயில் நிலையத்தின் அருகே ஸ்டக்கி வந்துகொண்டு இருந்தார். திடீர் என்று ஒருவன் அவர் மீது பாய்ந்தான். அந்தத் தாக்குதலில் ஸ்டக்கி உயிர் இழந்தார்.

கொன்றவன் யார்? அவருடைய ஆலையில் வேலை பார்த்தவன்!

நகரமே அதிர்ந்தது. கோடீசுவரரின் கதை இரண்டே ஆண்டில் மாளிகையில் இருந்து மயானத்துக்குப் போய்விட்டது.

அதன் பிறகு மகன் ஜான்கார்லோ பொறுப்பு ஏற்றார்.

ஆலை தேய்ந்தது

காலம் மாறியது. முதல் உலகப் போரில் போர்முனை வெனிசை நெருங்கி வந்தது. 1917-ம் ஆண்டு வெனிசுக்கு எதிரே, நிலப்பகுதியில் மார்கேரா என்ற இடத்தில் புதிய தொழில் துறைமுகம் கட்டத் தொடங்கினார்கள். அங்கே பெரிய கப்பல் நேரே வரலாம். லாரி வரலாம். ரெயில் வரலாம். 1933-ம் ஆண்டில் நிலத்தில் இருந்து வெனிசுக்குச் சாலைப் பாலமும் வந்தது. ஆனால் அந்தச் சாலை நகரின் வாசலோடு நின்றுவிட்டது.

ஒரு காலத்தில் ஸ்டக்கிக்கு லாபம் தந்த தண்ணீரே இப்போது சுமையாகிவிட்டது. படகில் ஏற்றி இறக்கும் கூலி வேறு யாருக்கும் இல்லாத செலவு.

1955-ம் ஆண்டில் ஆலை மூடப்பட்டது.

எந்திரச் சத்தம் நின்றது. தொழிலாளிகள் கலைந்து போனார்கள். கதவுக்குப் பூட்டு விழுந்தது.

பேய் மாளிகை

பூட்டிய வீடு பாழாகும் என்பார்கள். கடல் காற்றுப்படும் வீடு இன்னும் சீக்கிரம் பாழாகும்.

ஜன்னல் கண்ணாடிகள் உடைந்தன. கூரை ஒழுகியது. புறாக்கள் குடியேறின. சுவர் வெடிப்புகளில் செடிகள் முளைத்தன. இரவில் அந்தப் பக்கம் படகில் போகிறவர்களுக்கு அது பேய் மாளிகை போலத் தெரிந்தது.

1966-ம் ஆண்டு நவம்பர் 4-ந் தேதி வெனிசில் பெரு வெள்ளம். கடல் மட்டம் வழக்கத்தைவிட 194 சென்டிமீட்டர் உயர்ந்தது. நகரம் மூழ்கியது. "வெனிசைக் காப்பாற்றுங்கள்" என்ற குரல் உலகம் எங்கும் எழுந்தது.

ஆனால், உலகம் காப்பாற்ற நினைத்தது கோயில்களையும் மாளிகைகளையும் ஓவியங்களையும்தான். மாவு ஆலையை யார் நினைத்தார்கள்?

1975-ம் ஆண்டில் ஒரு திருப்பம் ஏற்பட்டது.

வெனிசில் நடக்கும் பியென்னாலே என்ற கலை விழா உலகப் புகழ் பெற்றது. அந்த ஆண்டு விழாவில், கட்டடக்கலை நிபுணர் விட்டோரியோ கிரெகோட்டி பொறுப்பில் ஒரு கண்காட்சி நடந்தது. அதன் பொருள், ஸ்டக்கி ஆலை! "இந்தப் பாழடைந்த ஆலையை என்ன செய்யலாம்?" என்று கலைஞர்களிடம் யோசனை கேட்டார்கள். பல நாட்டுக் கலைஞர்கள் கற்பனையைத் தட்டிவிட்டார்கள்.

உடனே வேலை எதுவும் நடக்கவில்லை. ஆனாலும், பேச்சு மாறியது. "இந்த அசிங்கத்தை எப்போது இடிப்பது?" என்பது போய், "இதை எப்படிப் பயன்படுத்துவது?" என்ற கேள்வி வந்தது.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் அல்லவா?

எது பொருத்தம்?

இங்கே சற்று நின்று யோசிக்க வேண்டும்.

பழைய ஊருக்குள் பாழடைந்த கட்டடத்தைப் பழுது பார்க்கும்போது, "ஊருக்குப் பொருத்தமாக இருக்க வேண்டும்" என்று எல்லோரும் சொல்வார்கள். எது பொருத்தம் என்பதில்தான் சண்டை வரும்.

ஸ்டக்கி ஆலையின் செங்கல்லை மறைத்துச் சுண்ணாம்பு பூசி, மாளிகை போல வேடம் கட்டலாமா? அப்போது பக்கத்துக் கட்டடங்களோடு ஒத்துப்போகும். ஆனால் அது பொய் வேடம்.

முற்றிலும் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாமா? அப்போது ஊரின் ஒரு பெரிய கதை அழிந்துபோகும்.

ஆலை, ஆலையாகவே தெரிய வேண்டும். உள்ளே மட்டும் புது உயிர் ஓட வேண்டும். இதுதான் மூன்றாவது வழி.

வெனிஸ் மூன்றாவது வழியைத் தேர்ந்து எடுத்தது.

காரணம் என்ன? அந்தக் கட்டடத்துக்கு அப்போது 100 வயது ஆகிவிட்டது. 100 ஆண்டாக வெனிஸ் மக்கள் அதைப் பார்த்தே வளர்ந்தார்கள். பாட்டன் வேலை பார்த்த ஆலை. பாட்டி மூட்டை தைத்த ஆலை. அந்நியன் என்று வந்தவன், ஊர்க்காரன் ஆகிவிட்டான்!

1987-ம் ஆண்டில் வெனிஸ் நகரையும் அதைச் சுற்றி உள்ள உப்பங்கழியையும் ஐ.நா.வின் யுனெஸ்கோ நிறுவனம் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

உப்பு என்னும் பகைவன்

வெனிசில் பழைய கட்டடத்தைப் பழுது பார்ப்பது விளையாட்டு அல்ல. அங்கே முதல் பகைவன், உப்பு.

செங்கல் தண்ணீரை உறிஞ்சும். கடல் தண்ணீரை உறிஞ்சினால் உப்பும் சேர்ந்து ஏறும். வெயிலில் தண்ணீர் காய்ந்துவிடும். உப்பு உள்ளேயே தங்கிப் படிகமாக உறையும். உறையும்போது விரியும். விரிந்தால் செங்கல் பொடிப்பொடியாக உதிரும்.

இதைத் தடுக்கப் பழைய வெனிஸ் கொத்தனார்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். சுவரின் அடியில், தண்ணீர் படும் உயரம் வரைக்கும், இஸ்திரியா நாட்டு வெள்ளைக் கல்லை வைத்தார்கள். அந்தக் கல் தண்ணீரை எளிதில் உறிஞ்சாது. அதற்கு மேல்தான் செங்கல்.

ஆனால், இன்று கடல் மட்டம் உயர்ந்துவிட்டது. நிலமும் சற்றுத் தாழ்ந்துவிட்டது. பல இடங்களில் தண்ணீர் கல்லைத் தாண்டிச் செங்கல்லைத் தொட்டுவிடுகிறது.

உதிர்ந்த சுவரை வெனிஸ் கொத்தனார்கள் எப்படிச் சரி செய்கிறார்கள் தெரியுமா? சுவரை மொத்தமாக இடிப்பது இல்லை. கெட்டுப்போன செங்கல்லை மட்டும் சிறிது சிறிதாகப் பெயர்த்து எடுப்பார்கள். அந்த இடத்தில் நல்ல செங்கல்லை வைப்பார்கள். பிறகு அடுத்த இடம். கிழிந்த துணியில் தையலைப் பிரித்து மறுபடி தைப்பது போன்ற வேலை. இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரே, "பிரித்துத் தைத்தல்" என்ற பொருள் தருவதுதான்!

அடுத்த தொல்லை, போக்குவரத்து. செங்கல், மணல், இரும்பு, எல்லாம் படகில்தான் வர வேண்டும். இடிபாடும் படகில்தான் போக வேண்டும்.

ஸ்டக்கி ஆலையைப் பழுது பார்க்கும் வேலையை அக்குவா மார்சியா என்ற நிறுவனம் ஏற்றது. ஆலையை ஓட்டலாகவும், மாநாட்டு மண்டபமாகவும், ஒரு பகுதியைக் குடியிருப்பாகவும் மாற்றுவது திட்டம். பழமைச் சின்னங்களைப் பாதுகாக்கும் அரசு இலாகாவின் கண்காணிப்பில் வேலை நடந்தது.

சாரம் கட்டினார்கள். வேலை மும்முரமாக நடந்தது. கட்டடம் பிழைத்துவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

தீ! தீ!

2003-ம் ஆண்டு ஏப்ரல் 15-ந் தேதி.

ஆலையில் தீப்பிடித்தது!

பழைய கட்டடம். வேலை நடக்கும் இடம். தீ மளமள என்று பரவியது. கரும்புகை வானத்தை மறைத்தது. எதிர்க்கரையில் மக்கள் கூட்டம் கூட்டமாக நின்று பார்த்தார்கள்.

கட்டடத்தின் பெரும் பகுதி நாசம் ஆனது. நடுப்பகுதி இடிந்து விழுந்தது. நூறு ஆண்டு மழைக்கும் உப்புக்கும் தப்பிய சுவர், சில மணி நேரத் தீக்குத் தப்பவில்லை.

வெனிஸ் மக்களுக்கு அது பழைய புண்ணைக் கிளறியது போல இருந்தது. ஏழு ஆண்டுகளுக்கு முன்பு, 1996-ம் ஆண்டு ஜனவரி 29-ந் தேதி இரவு, புகழ்பெற்ற லா பெனிசே இசை அரங்கம் எரிந்து சாம்பல் ஆகி இருந்தது. அங்கும் பழுது பார்க்கும் வேலை நடந்துகொண்டு இருந்தபோதுதான் தீ! வேலை பார்த்த இரண்டு எலக்ட்ரீஷியன்களே தீ வைத்தார்கள் என்று கோர்ட்டில் தீர்ப்பு ஆனது.

இப்போது மாவு ஆலையும் போய்விட்டதா?

"இருந்தது போலவே!"

வெனிசில் ஒரு வாசகம் உண்டு. "எங்கே இருந்ததோ அங்கே, எப்படி இருந்ததோ அப்படி."

இந்த வாசகம் பிறந்தது 1902-ம் ஆண்டில். அந்த ஆண்டு ஜூலை 14-ந் தேதி, புனித மார்க் சதுக்கத்தில் இருந்த பெரிய மணிக் கோபுரம் மடமட என்று சரிந்து விழுந்தது. நல்ல வேளையாக மனித உயிர் எதுவும் போகவில்லை.

"இனி புதுமாதிரியாகக் கட்டலாமா?" என்று சிலர் கேட்டார்கள். "கூடாது! எங்கே இருந்ததோ அங்கே, எப்படி இருந்ததோ அப்படியே கட்டுவோம்" என்றது நகரசபை. 10 ஆண்டு உழைப்பில், 1912-ம் ஆண்டு ஏப்ரல் 25-ந் தேதி, அதே இடத்தில் அதே தோற்றத்தில் கோபுரம் மீண்டும் எழுந்தது. இன்று வெனிஸ் போகிறவர்கள் அண்ணாந்து பார்ப்பது அந்த இரண்டாவது கோபுரத்தைத்தான்.

எரிந்த இசை அரங்கமும் அப்படியே மறுபடி கட்டப்பட்டு, 2003-ம் ஆண்டு டிசம்பரில் திறக்கப்பட்டது.

அதே வாசகம் மாவு ஆலைக்கும் பொருந்தியது. எரிந்த பகுதி பழைய தோற்றத்திலேயே மறுபடி எழுப்பப்பட்டது. செங்கல் சுவர் எழுந்தது. ஜன்னல் வரிசை எழுந்தது.

கோயில் கோபுரத்துக்குக் கிடைத்த மரியாதை, ஒரு தொழிற்சாலைக்கும் கிடைத்தது! வெனிஸ் வரலாற்றில் இது சின்ன விஷயம் அல்ல.

2007-ம் ஆண்டில், ஹில்டன் ஓட்டலாக ஸ்டக்கி ஆலை திறக்கப்பட்டது. 379 அறைகள். மாடியின் உச்சியில் நீச்சல் குளம். கோதுமை மூட்டை இறங்கிய படகுத்துறையில், சுற்றுலாப் பயணிகள் பெட்டியோடு இறங்கினார்கள்.

முகப்பில் ஸ்டக்கியின் பெயர் அப்படியே இருக்கிறது.

வீடு யாருக்கு?

கதை இத்துடன் முடிந்தால் நன்றாக இருக்கும். ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது.

கட்டடம் பிழைத்தது. ஊர் பிழைத்ததா?

1951-ம் ஆண்டில் வெனிஸ் பழைய நகரில் சுமார் 1 லட்சத்து 75 ஆயிரம் பேர் குடி இருந்தார்கள். 2022-ம் ஆண்டில் அந்த எண்ணிக்கை 50 ஆயிரத்துக்கும் கீழே போய்விட்டது. வீட்டு வாடகை ஏறியது. மளிகைக் கடை இருந்த இடத்தில் முகமூடி விற்கும் கடை வந்தது. குடித்தனம் இருந்த வீடு, பயணிகள் விடுதி ஆனது. சொந்த ஊர்க்காரர்கள் பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு நிலப்பகுதிக்குப் போனார்கள்.

பயணிகள் கூட்டம் தாங்காமல், 2024-ம் ஆண்டு ஏப்ரல் 25-ந் தேதி முதல், கூட்டம் மிகுந்த நாட்களில் ஒரு நாள் சுற்றிப்பார்க்க வருகிறவர்களுக்கு 5 யூரோ நுழைவுக் கட்டணம் வைத்தது நகரசபை. 2021-ம் ஆண்டு ஆகஸ்டு முதல், மாடிவீடு போன்ற பெரிய உல்லாசக் கப்பல்கள் ஜூடெக்கா கால்வாயில் வரக்கூடாது என்று தடையும் விதிக்கப்பட்டது.

இந்த நிலையில், 1,500 பேருக்குச் சோறு போட்ட ஆலை, பயணிகள் தங்கும் ஓட்டல் ஆனது சரியா?

"ஓட்டலிலும் வேலை உண்டே! பணம் இல்லாவிட்டால் இந்தப் பெரிய கட்டடத்தை யார் காப்பாற்றி இருப்பார்கள்?" என்று ஒரு சாரார் கேட்கிறார்கள். அதில் நியாயம் உண்டு.

"சுவரைக் காப்பாற்றினீர்கள். சுவரைச் சுற்றி வாழ்ந்த மனிதர்களைக் காப்பாற்றினீர்களா?" என்று மறு சாரார் கேட்கிறார்கள். அதிலும் நியாயம் உண்டு.

அதே தீவில் வேறு வழியும்

இதற்குப் பதில் தேட வெகு தூரம் போக வேண்டியது இல்லை. அதே ஜூடெக்கா தீவிலேயே வேறு இரண்டு ஆலைகள் இருக்கின்றன.

ஒன்று, யுங்கன்ஸ் தொழிற்சாலை. ஒரு காலத்தில் அங்கே கடிகாரம் செய்தார்கள். அதுவும் மூடப்பட்டது. ஆனால் அந்த இடம் ஓட்டல் ஆகவில்லை. 1990-களில் தொடங்கி, அங்கே வீடுகள் கட்டப்பட்டன. சீனோ சூக்கி என்ற கட்டடக்கலை நிபுணர் அமைத்த புதிய வீடுகள் பலரின் பாராட்டைப் பெற்றன. பழைய தொழிற்சாலை இருந்த இடத்தில் இன்று துணி உலர்கிறது. பிள்ளைகள் விளையாடுகிறார்கள்.

மற்றொன்று, பார்ச்சூனி துணி ஆலை. மாவு ஆலைக்குப் பக்கத்து வீடு அது! 1920-களின் தொடக்கத்தில் மரியானோ பார்ச்சூனி என்ற கலைஞர் தொடங்கியது. விலை உயர்ந்த அச்சுத் துணிகளுக்குப் பெயர் பெற்றது. அவர் மறைந்து 70 ஆண்டுகளுக்கு மேல் ஆகியும், அந்த ஆலை மூடப்படவில்லை. ஆலை ஆலையாகவே வாழ்கிறது.

ஒரே தீவு. மூன்று ஆலைகள். ஒன்று ஓட்டல் ஆனது. ஒன்று வீடு ஆனது. ஒன்று தொழிலை விடாமல் நிற்கிறது.

மூன்றில் எது சிறந்தது? துணி ஆலை போலத் தொழிலே நீடித்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை. தொழில் போய்விட்டால், வீடு ஆவது நல்லது. மலை போன்ற கட்டடத்தை வீடாக்கப் பணம் இல்லாதபோது, ஓட்டல் ஆவது, இடிந்து விழுவதைவிட நல்லது.

கோபுரம் சொல்லும் பாடம்

ஸ்டக்கி ஆலையின் கதையில் இன்னொரு பாடமும் இருக்கிறது.

நூறு ஆண்டுக்கு முன்பு, "ஊரின் அழகைக் கெடுத்துவிட்டது" என்று சொன்னவர்கள் முட்டாள்கள் அல்ல. அவர்களுக்குத் தங்கள் ஊர் மீது பாசம் இருந்தது. நூறு ஆண்டுக்குப் பிறகு, "இதைத் தொடாதே, அப்படியே காப்பாற்று" என்று சொன்னவர்களுக்கும் இருந்தது அதே பாசம்தான்.

இடையில் மாறியது கட்டடம் அல்ல. அதற்குள் வியர்வை சிந்திய மனிதர்களின் நினைவு அதன்மேல் படிந்துவிட்டது. அந்த நினைவுதான் செங்கல்லுக்கு விலை தந்தது.

மன்னர் கட்டியது மட்டும் வரலாறு அல்ல. மூட்டை தூக்கியவன் வேலை பார்த்த இடமும் வரலாறுதான்.

மாலை நேரத்தில், சூரியன் மேற்கே சாயும்போது, வெயில் அந்தச் செங்கல் சுவர் மீது விழுகிறது. சுவர் அடுப்புத் தணல் போலச் சிவக்கிறது. வேலை முடிந்து வீடு திரும்பும் ஜூடெக்கா மக்களை ஏற்றிக்கொண்டு, படகுபஸ் அதன் அருகே கடந்து போகிறது.

படகில் இருப்பவர்கள் பலர் அதைத் தலை நிமிர்ந்து பார்ப்பதுகூட இல்லை.

வீட்டுப் பெரியவர் திண்ணையில் இருப்பதை யார் தினமும் உற்றுப் பார்க்கிறார்கள்? அவர் இல்லாமல் போனால்தான் தெரியும்.

வெனிஸ் மக்களுக்கு அது ஒரு நாள் தெரிந்தது, 2003-ம் ஆண்டு, ஏப்ரல் மாதம், புகை எழுந்த அன்று.